உயிர் இடப்பக்கம், மானம் வலப்பக்கம்

களக்.

கச்சிராயபாளையம் தாண்டிப் பேருந்து முதல் வளைவில் முனகத் தொடங்கியபோது, முன் இருக்கைப் பெண் ஒரு நீல பாட்டிலைத் திறந்து மடமடவென்று குடித்தாள். வெறும் தண்ணீர்தான். ஆனால் அந்தச் சத்தம் என் காதில் நுழைந்து, நேராகப் போய் இருபது வருடத்துக்கு மேல் பின்னால் விழுந்தது. கள்ளக்குறிச்சி துருகம் சாலையில் ஒரு பிரௌசிங் சென்டர். பலகை வைத்து மறைத்த ஆறு கம்ப்யூட்டர்கள். விசிறியில் வெந்த தூசியின் வாசனை. திரையில் ஒரு வீரன் நீலத் தண்ணீரைக் குடிக்கிறான்: களக். அவனுக்குப் பின்னால் ஒரே நாற்காலியில் ஆளுக்குப் பாதியாக உட்கார்ந்திருக்கும் நானும் என் நண்பனும்.

அந்த நண்பன்தான் மூன்று நாள் முன்பு போனில் கூப்பிட்டுத் திட்டினான். வெள்ளிமலையில் டூவீலர் மெக்கானிக். மலை ஏறுகிற வண்டியெல்லாம் அங்கே வந்துதான் படுத்துக்கொள்ளும் என்று கண்டுபிடித்து, சமவெளியை விட்டுப் போய்க் கடை போட்டவன்.

"இன்னாடா எழுதி வெச்சிருக்க? கடைக்கு வரவன்லாம் 'மானம் அண்ணே, பிளக்கு மாத்து'ன்றான். அதக் கூட வுடு. பொண்ணு பேச மாட்டேன்றா. நான் புளுகன்னு சொல்றா. நீ போன்ல சொன்னா நம்ப மாட்டா. ஞாயித்துக்கெழம வந்து அவ மூஞ்சிக்கு நேரா சொல்லு. வரல, நம்ம சங்காத்தமே வேணாம்."

வைத்துவிட்டான். திட்டு நியாயமானது என்பதால் எனக்குக் கோபம்கூட வரவில்லை. அதுதான் எரிச்சல்.

நடந்தது இதுதான். அந்தப் பழைய கம்ப்யூட்டர் விளையாட்டை இப்போது தூசு தட்டி இணையத்தில் மறுபடி விற்கிறார்கள். விற்கிற பக்கத்தின் அடியில் ஆடியவர்கள் அபிப்பிராயம் எழுதலாம். உலகம் முழுக்க நரைத்த தலைகள் அங்கே வந்து அழுதிருந்தன. நானும் போனேன். வரியை உடைத்துக் கவிதை என்று சொல்லச் சோம்பல்பட்டு உரைநடையாகவே விட்டுவிடுகிறவன் நான். ஓசியில் ஒரு வெள்ளைக் கட்டம் கிடைத்தால் சும்மா இருப்பேனா. தமிழிலேயே எழுதினேன். நண்பனைப் பற்றி எழுதினேன். அந்த விளையாட்டில் 'மானா' என்று ஒன்று உண்டு, மந்திரம் போடத் தேவையான சக்தி, அதை அவன் 'மானம்' என்று படித்தான் என்று எழுதினேன். மானம் குறையும் என்று பயந்து கடைசிவரை மந்திரமே போடாமல் கத்தியாலேயே ஆடி முடித்த அப்பாவி, இப்போது வெள்ளிமலையில் மெக்கானிக் என்று முடித்தேன். சிரித்தார்கள். யாரோ படம் பிடித்து வாட்ஸ்அப்பில் விட்டார்கள். அது கள்ளக்குறிச்சிக் கல்லூரியில் கம்ப்யூட்டர் படிக்கிற அவன் மகளின் வகுப்பு குரூப்புக்கே போய்ச் சேர்ந்தது.

ஒரே ஒரு சின்ன விஷயத்தை மாற்றி எழுதியிருந்தேன். மானம் என்று படித்தவன் அவனில்லை. நான்.

அவன் அப்பா அம்மா கரும்பு வெட்டப் போகிறவர்கள். அவன் அரசுப் பள்ளி. நான் நாலு ஏக்கர்க்காரர் மகன், இங்கிலீஷ் மீடியம். ஆகவே அந்தப் பாதி நாற்காலியில் மொழிபெயர்ப்பு இலாகா என்னுடையது. திரையின் அடியில் நீர் நிரம்பிய இரண்டு கண்ணாடிக் குண்டுகள். இடப்பக்கம் சிவப்பு, வலப்பக்கம் நீலம்.

"செவப்பு இன்னா?" என்றான்.

"லைஃப். உயிரு."

"நீலம்?"

எம், ஏ, என், ஏ. எழுத்துக் கூட்டிப் பார்த்தேன். பின்னால் பத்துப் பேர் நின்று பார்க்கிறார்கள். தெரியாது என்று சொல்லும் வழக்கம் எங்கள் பள்ளியில் சொல்லித்தரப்படவில்லை.

"மானம்டா. வெள்ளக்காரனுக்குக் கடைசில 'ம்' வராது. யோகம் யோகா ஆச்சா? ராமன் ராமா ஆனானா? அது மாதிரி மானம், மானா."

பத்துப் பேரும் தலையாட்டினார்கள். எனக்கே அப்படித்தான் இருக்கும் என்று தோன்றிவிட்டது. பொய்யை நாலு பேர் முன்னால் விளக்கினால் அது பாடமாகிவிடுகிறது.

அதற்கப்புறம் அந்த விளையாட்டு எங்களுக்கு வேறு விளையாட்டாகிப் போனது. தீப்பந்து விட்டால் மானம் இறங்கியது. இடி இறக்கினால் இன்னும் ஜாஸ்தி இறங்கியது. ஊர்க்கோடிக் குடிசையில் ஒரு சூனியக்காரி மானத்தைப் பாட்டிலில் விற்றாள். "எங்க தெருல பாட்டில்ல மானம் போயிதான் பாத்திருக்கேன், பாட்டில்ல ஏறுறத இப்பதான்டா பாக்கறேன்" என்றான் நண்பன். எல்லாவற்றையும் விடப் பெரிய அதிசயம், வீரன் ஒன்றும் செய்யாமல் சும்மா நின்றால் நீலம் தானாக ஊறியது. சும்மா இருந்தால் மானம் ஏறுகிற தேசம் எங்கோ கடலுக்கு அப்பால் இருக்கிறது என்று எங்களுக்குப் பொறாமையாக இருந்தது.

நான் மந்திரவாதியை எடுத்துக்கொண்டேன். செத்த எலும்புகளை எழுப்பி விட்டுப் பின்னால் நின்று சண்டையை வேடிக்கை பார்க்கிறவன். அவன் கத்திக்காரனை எடுத்துக்கொண்டான்.

"செத்தவனக் கூட வேலைக்கி எழுப்புறியேடா" என்பான் என் முறை வரும்போதெல்லாம். "வரப்புல நின்னுகினு வாய்க்காலப் பாக்கறவன் புத்தி எங்க போவும்."

பேருந்து அடுத்த வளைவில் திரும்பியது. சன்னலுக்குக் கீழே கோமுகி அணையின் நீர், பாதிக்கு வற்றிய நீலக் குண்டாகக் கிடந்தது. எனக்கு வேறெப்படியும் தெரியவில்லை.

வெள்ளிமலையில் இறங்கியதும் கடையைத் தேட வேண்டியிருக்கவில்லை. நாலு பைக்குகள் வயிறு திறந்து கிடந்தன. அவன் ஒரு கார்புரேட்டரை பெட்ரோலில் கழுவிக்கொண்டிருந்தான். நிமிரவில்லை.

"வந்துட்டாரு. மூட்டைல எலும்புக்கூடு எத்தினி இட்டாந்த?"

"ஒண்ணும் இல்ல. ஒத்தையாதான் வந்தேன்."

"பொண்ணு உள்ள தலைக்கி ஊத்திக்கினு இருக்கா. வர வரைக்கும் அந்தப் பக்கத்தப் படி. ஊரு ஒலகம் இன்னா சொல்லுதுன்னு கேப்போம்."

போனை எடுத்து, வெளிநாட்டார் அபிப்பிராயங்களைத் தமிழில் சொல்லிக்கொண்டே வந்தேன். இந்த முறை ஒவ்வொரு சொல்லையும் இரண்டு தடவை பார்த்துவிட்டுத்தான் சொன்னேன்.

"வீரன் ரொம்ப மெதுவா நடக்கறான், ஓட வழியே இல்லன்னு ஒருத்தன் கொற சொல்றான்."

"பகல் பூரா கத்தி தூக்கறவன் ஓடுவானா? இவன் ஒரு நாளு எங்கப்பா கூடக் கரும்பு வெட்டிட்டு ஓடிக் காட்டட்டும்."

"பை சின்னதாம். எதையும் எடுத்துட்டு வர முடியலயாம்."

"சந்தைக்கே போனதில்லயா அந்தாளு?"

"பாதாளத்துல எறங்கு, அடி, பொறுக்கு, ஏறி வந்து வித்துட்டு மறுபடி எறங்கு. இதேதான் திருப்பித் திருப்பி வருது, சலிப்பா இருக்குன்னு ஒரு அம்மா."

அவன் கையைத் துணியில் துடைத்துக்கொண்டான். "அந்தம்மாவுக்கு வேற எதுனா பொழப்பு தெரிஞ்சா எனக்கும் சொல்லச் சொல்லு."

சிரித்துவிட்டேன். அவனும் சிரிக்கத்தான் போனான். அதற்குள் கடைக்குப் பின்னால் இருந்த வீட்டிலிருந்து அவள் வந்தாள். ஈரத்தலையில் துண்டு. அப்பாவை ஒரு பார்வை, என்னை ஒரு பார்வை. இரண்டிலும் ஒட்டுதல் இல்லை.

"வாங்க அங்கிள். நீங்கதான அத எழுதினது?"

"நான்தாம்மா."

"சூப்பரா இருக்குதுன்னு கிளாஸ்ல எல்லாரும் சொன்னாங்க. எங்கப்பாதான்னு தெரிஞ்சப்புறம் எங்கிட்ட ஒண்ணும் சொல்ல மாட்டேன்றாங்க. எதுத்தாப்புல வந்தா மட்டும் சிரிக்கறாங்க."

திருவிழாக் கூட்டத்தில் பிடிபட்ட ஜேப்படிக்காரன் போல அங்கே இருந்த ஒரே ஸ்டூலில் உட்கார்ந்தேன். வழியெல்லாம் நல்ல நல்ல வாக்கியங்கள் தயாரித்து வைத்திருந்தேன். எல்லாம் கடைசி வளைவில் வண்டியோடு திரும்பிப் போயிருந்தன.

"மானம்னு படிச்சது உங்கப்பா இல்லம்மா. நான். அவன் கேட்டான், நான்தான் சொன்னேன். இங்கிலீஷ் தெரியும்னு நெனச்சுகிட்டு."

"அப்ப ஏன் மாத்தி எழுதினீங்க?"

"என் மேல எழுதினா அது அசிங்கம். அவன் மேல எழுதினா அது ஜோக்கு."

சொன்ன பிறகுதான் அது எவ்வளவு உண்மை என்று எனக்கே கேட்டது. அவள் துண்டை அவிழ்த்து உதறினாள். நாலு துளி என் கண்ணாடியில் தெறித்தது. வேண்டுமென்றே உதறினாளா என்று இன்றுவரை தெரியவில்லை.

"பாத்தியா?" என்றான் நண்பன், ஜெயித்தவன் மாதிரி. "நான் சொல்லல?"

அவள் அவன் பக்கம் திரும்பினாள். "சரிப்பா, அவர் தப்பா சொன்னாரு. நீ அத நம்பின. அதுல மட்டும் இன்னா பெரும? சின்ன வயசுலேர்ந்து சொல்லிக்கினே இருப்ப, ஒரு மந்திரம் கூடப் போடாம கத்தியாலயே முடிச்சேன், கள்ளக்குறிச்சிலயே நான் ஒருத்தன்தான்னு. நானும் ஊரெல்லாம் சொல்லிக்கினு திரிஞ்சேன். தெரியாமப் பண்ணதுக்குப் பேரு தெறமயா?"

என் வாக்குமூலம் அவனைக் காப்பாற்றவில்லை. இன்னும் ஒரு மாடி கீழே இறக்கிவிட்டிருந்தது.

அவன் கார்புரேட்டரை ஊதிப் பார்த்தான். அடைப்பு இல்லை. கீழே வைத்தான்.

"தெரியும்" என்றான்.

"இன்னா தெரியும்?"

"அது மானம் இல்லன்னு. ரெண்டாவது வாரமே தெரியும். சென்டர்காரரு ஒரு நாளு என்னத் தனியா கூப்ட்டு, தம்பி அது மந்திர சக்தி, சும்மா அடிச்சு வுடுன்னாரு."

ஸ்டூலை விட்டு எழுந்துவிட்டேன். "பின்ன ஏன்டா கடைசி வரைக்கும் கத்தியாலயே..."

"நீ பத்துப் பேரு எதிர்ல ஒக்காந்துகினு யோகா, ராமான்னு அவ்ளோ நீட்டா சொன்ன. மறுநாளு நான் தீப்பந்து வுட்டேன்னு வெச்சுக்க, எவனாவது ஏன்னு கேப்பான். நான் சொல்லணும். உன் இங்கிலீஷு அன்னியோட குளோஸு." தோளைக் குலுக்கினான். "அதும் இல்லாம கத்தில அடிக்கறதுதான் கேமு. மிச்சமெல்லாம் சும்மா லைட்டு போட்டுக் காட்டறது."

இருபது வருடத்துக்கும் மேலாக அவன் அப்பாவித்தனத்தை நான் கதையாகச் சொல்லிக்கொண்டு திரிந்தேன். அவன் என் அறியாமையை யாரிடமும் சொல்லாமல் வைத்திருந்தான். இதைத் தலைகீழாக்கித்தான் நான் உலகத்துக்கே அபிப்பிராயமாக எழுதி, அடியில் நட்சத்திரமும் போட்டிருந்தேன்.

மகள் அப்பாவுக்கு எதிரே வந்து நின்றாள். "லூசாப்பா நீ?" என்றாள். ஆனால் அந்த 'அப்பா'வில் இத்தனை நாளும் காணாமல் போயிருந்த ஏதோ திரும்பி வந்திருந்தது. அவன் எண்ணெய்க் கையைத் தூக்கிக்கொண்டு அவள் பக்கம் போனான், "தலைக்கி ஊத்திக்கினு வந்திருக்கேன், தொடாத!" என்று அவள் ஓடினாள்.

பிறகு என் போனை வாங்கி அவளே திருத்தினாள். நான் சொல்லச் சொல்ல அடித்தாள். 'இளமையின் நீல இருளில் ஒரு சொல் வழுக்கிய தருணம்' என்று ஆரம்பித்தேன்.

"அங்கிள், இன்னா இது? யார் படிச்சதுன்னு நேரா சொல்லுங்க."

"மானம் என்று தப்பாகப் படித்தவன் நான்" என்றேன்.

"நான்னா யாரு?"

"இங்கிலீஷ் மீடியத்தில் படித்த நான்."

அதையும் போட்டாள். நண்பனுக்குத் தெரிந்தே இருந்தது, தெரிந்தேதான் கத்தியால் முடித்தான் என்று அவளாகவே ஒரு வரி சேர்த்தாள். அதில் எனக்கு எந்த வேலையும் இல்லை, அந்தப் பத்தியில் நல்ல வரி அதுதான். 'வெள்ளிமலையில் மெக்கானிக்' என்பதை அழிக்கப் போனபோது அப்பன்காரன் கத்தினான்: "ஏய், அது இருக்கட்டும்! சுத்திப் பாக்க வரவன் வண்டி நின்னா நம்மளத் தேடி வருவான்!"

திருத்தியதைத் தன் வகுப்பு குரூப்பில் போட்டாள். கொஞ்ச நேரத்தில் போன் டிங் டிங் என்று துள்ளத் தொடங்கியது. படித்துப் பார்த்துச் சிரித்தாள். யாரைப் பார்த்துச் சிரிக்கிறார்கள் என்று நான் கேட்கவில்லை.

சாப்பிட்டோம். மிளகு தூக்கலாகப் போட்ட கோழிக் குழம்பு. மூக்கு ஒழுக ஒழுக எலும்பைக் கடித்துக்கொண்டிருந்தேன். "அத எழுப்பி வுட்றாத, நிம்மதியாப் போவட்டும்" என்றான்.

நாலு மணிப் பேருந்துக்கு அவனே பைக்கில் கொண்டு வந்து விட்டான். நடத்துனர் விசில் ஊதினார். சன்னலோர இடம். அவன் கீழே நின்றபடி என் முகத்தை, ஓடாத எஞ்சினைப் பார்ப்பது போல ஒரு பக்கமாகச் சாய்ந்து பார்த்தான்.

"இன்னாடா, மானம் எவ்ளோ இருக்குது?"

"சுத்தமா காலி."

பேருந்து நகர்ந்தது. அவன் இரண்டு எட்டு கூடவே நடந்து வந்தான்.

"சும்மா ஒக்காந்துகினு போ. தானா ஏறும்."