உக்கிரபாண்டி பேரில் ஒரு ரத்தக்கொதிப்பு

போடிமெட்டு ஏலத்தோட்டத்தில் ஒருவருக்கு உடம்பு முடியாவிட்டால், வீட்டிலிருந்து இன்னொருவர் அவர் பேரில் வேலைக்கு வரலாம். கங்காணி உக்கிரபாண்டி இந்த வழக்கத்தை ஆஸ்பத்திரிக்கும் கொண்டுபோனார்.

1979இல் போடியில் அவருக்கு ரத்தக்கொதிப்பு என்று கண்டு, மாத்திரை கொடுத்து, மாதாமாதம் வந்து அளந்து பார்க்கச் சொன்னார்கள். காய் பறிப்பு மும்முரத்தில் மச்சினன் தவசியைத் தன் பேரில் அனுப்பினார்.

"நூத்தியிருவதுதானாம் மச்சான். மாத்திரையே வேண்டாமாம்," என்று தவசி வந்து சொன்னான். உக்கிரபாண்டி அன்றோடு மாத்திரையை நிறுத்தினார்.

"அவன் கையில பட்டையச் சுத்துனா ஒங்க கொதிப்பு எப்படித் தெரியும்?" என்றாள் மனைவி வேலுத்தாய்.

"சீட்டுல என் பேருதானடி இருக்கு!"

மறுவருஷம் அவர் பேரில் மறுபடி அளந்து பார்க்கப் போன தவசி முகம் தொங்கிப்போய் வந்தான். "நூத்தியெம்பதாம் மச்சான். மொதல்ல உப்பக் கொறைக்கணுமாம்." உக்கிரபாண்டி உப்பில்லாக் கஞ்சி குடித்தார். எதிரே தவசி அவருக்காக வருந்திக்கொண்டே கருவாடு கடித்தான்.

ஒருநாள் உக்கிரபாண்டி தலைசுற்றி ஏலச்செடிக்குள் விழுந்தார். வேலுத்தாய் இருவரையும் ஜீப்பில் ஏற்றிப் போடிக்குக் கொண்டுபோனாள். அளந்து பார்த்ததில் கங்காணிக்கு இருநூறு, மச்சினனுக்கு நூற்றெண்பது.

டாக்டர் திகைத்து, "இதுல யாருய்யா உக்கிரபாண்டி?" என்றார். இருவரும் கை தூக்கினார்கள்.

வேலுத்தாய் தம்பியின் கையைத் தட்டி இறக்கினாள். "இவனுக்கு இவன் பேருலயே ஒரு சீட்டுப் போடுங்க, சார்."