இலந்தை வடையும் என் வலது கண்ணும்

தையல்காரிக்குக் கண் மங்கினால் என்ன ஆகும் என்பதை வீரசோழன் ஊரிலிருந்து என்னிடம் துணி தைக்கக் கொடுக்க வரும் அக்காவிடம்தான் கேட்க வேண்டும். பெருநாளுக்கு அவர் கொடுத்த கரும்பச்சைச் சுடிதாருக்கு நான் கருநீல நூலில் தையல் போட்டிருந்தேன். தங்கமான மனுஷி. உள்தையல்தானே, யார் பார்க்கப் போகிறார்கள் என்று வாங்கிக்கொண்டு போய்விட்டார். எனக்குத்தான் ஆறவில்லை. அருப்புக்கோட்டையில் இத்தனை வருஷத்தில் என் தையலை யாரும் ஒரு குறை சொன்னதில்லை.

வலது கண்ணில் புரை முற்றிவிட்டது, இடது கண்ணிலும் ஆரம்பித்திருக்கிறது என்றார் கண் டாக்டர். ஆபரேஷன் பண்ணினால் பளிச்சென்று தெரியுமாம். ஆனால் சர்க்கரை இந்த அளவில் இருக்கும்போது கத்தி வைக்க முடியாது, குறைத்துக்கொண்டு வாருங்கள் என்று திருப்பி அனுப்பிவிட்டார். குறையவில்லை என்றால் மெஷினைத் துணி போட்டு மூட வேண்டியதுதான்.

சர்க்கரைக்கு நான் வழக்கமாகப் பார்க்கும் டாக்டரம்மாவிடம் போனேன். மாத்திரையை நிறுத்தக் கூடாது, சோற்றைக் குறைக்க வேண்டும், நடக்க வேண்டும் என்று எல்லாரும் சொல்வதைச் சொல்லிவிட்டு, சாயங்காலம் டீயோடு என்ன சாப்பிடுவீர்கள் என்று கேட்டார். பஜ்ஜி, சேவு, சமயத்தில் கருப்பட்டி மிட்டாய் என்றேன். அதை விட்டுவிட்டு ஒரு கைப்பிடி நாவல் பழம் தின்னுங்கள், நாவல் இல்லாத காலத்தில் இலந்தையோ களாப்பழமோ கிடைத்தாலும் சரி என்றார். பழத்தால் நோயே போய்விடும் என்று யாராவது சொன்னால் மட்டும் நம்பாதீர்கள் என்றும் சொன்னார்.

என் வீட்டுக்காரர் லோடு வண்டி ஓட்டுகிறவர். நரிக்குடி, திருச்சுழி, பரளச்சி என்று தினம் சுற்றுவார். அவருக்குச் சர்க்கரையும் கிடையாது, நாக்கில் கட்டுப்பாடும் கிடையாது. டீயில் சீனி குறைந்தால் கடைக்காரரோடு மல்லுக்கு நிற்கிற ஆள். பழம் வாங்கிவரும் பொறுப்பை அவர் எடுத்துக்கொண்டபோது எனக்குப் பயமாகத்தான் இருந்தது. ஆனால் ஆடி முழுக்க நாவல் பழம் தவறாமல் வந்தது. உப்புப் போட்டுக் குலுக்கித் தின்றேன். நாக்கெல்லாம் ஊதாவாகி, ஜாக்கெட்டுக்கு அளவு கொடுக்க வந்தவர்கள் என்னைப் பார்த்துச் சிரித்தார்கள். சர்க்கரையும் கொஞ்சம் இறங்கியது.

நாவல் முடிந்தது. இலந்தை பழுக்க இன்னும் நாள் கிடந்தது. இவர் சும்மா இருப்பாரா, திருச்சுழி பஸ் ஸ்டாண்டில் ஒரு பை நிறைய இலந்தை வடை வாங்கிவந்தார். எங்கள் பக்கத்தில் இலந்தை வடையை யாரும் இனிப்பு வகையில் சேர்ப்பதில்லை. பழத்தைக் கொட்டையோடு இடித்து, உப்பும் மிளகாயும் பெருங்காயமும் சேர்த்துத் தட்டிக் காயவைப்பார்கள். வாயில் போட்டால் புளிக்கும், உறைக்கும். இதுவும் இலந்தைதானே, காய்ந்த இலந்தை என்று இரண்டு பேருமே நினைத்தோம். மெஷினில் உட்காரும்போது ஒன்று, எழுந்திருக்கும்போது ஒன்று என்று உள்ளே போய்க்கொண்டே இருந்தது. மருந்து இவ்வளவு ருசியாக இருக்கிறதே என்று எனக்குச் சந்தோஷமோ சந்தோஷம்.

அடுத்த தடவை சோதித்தபோது சர்க்கரை பழைய அளவையும் தாண்டிவிட்டது. பழத்தைத் தவிர எதையும் தொடவில்லை என்று டாக்டரம்மாவிடம் சாமி மேல் சத்தியம் பண்ணினேன். என்ன பழம் என்றார். கைப்பையிலிருந்து எடுத்து மேஜை மேல் வைத்தேன். அவரும் இந்தப் பக்கத்து ஆள்தான். ஒரு துண்டைக் கிள்ளி வாயில் போட்டு மென்றார்.

"நல்லாத்தான் இருக்கு. இத இடிக்கையில வெல்லம் எம்புட்டுப் போடுவாக, தெரியுமா?"

எனக்குத் தெரியும். எங்கள் தெருவில் எல்லாருக்கும் தெரியும். புளிப்பும் உறைப்பும் சேர்ந்து வெல்லத்தை மறக்கடித்துவிட்டன. ஆபரேஷன் தள்ளிப்போனது. பஸ்ஸில் அழுதுகொண்டே வந்தேன். வீட்டுக்கு வந்ததும் மிச்சமிருந்த வடைகளை இவர் முன்னால் கொட்டி, வாயில் வந்ததையெல்லாம் பேசினேன். வண்டி ஓட்டுகிறவருக்குக் கண்ணோட அருமை தெரியாதா என்றுகூடக் கேட்டுவிட்டேன். அவர் பதிலுக்குச் சண்டை போடவில்லை.

"இனிமே நீ திங்கிறதத்தான் நானும் திம்பேன்" என்று மட்டும் சொன்னார்.

நான் நம்பவில்லை. தெருமுனையிலேயே டீக்கடையை வைத்துக்கொண்டு என்ன சபதம் வேண்டிக்கிடக்கிறது என்று நினைத்தேன்.

மார்கழியில் இலந்தை வந்தது. வண்டியை ஓரங்கட்டி, முள்ளில் கையைக் கீறிக்கொண்டு பொறுக்கி வருவார். கழுவி இரண்டு கிண்ணத்தில் போட்டு எதிரெதிரே உட்காருவோம். கொட்டையைத் துப்பித் துப்பித் தின்பதால் ஒரு கைப்பிடியே வெகு நேரம் வரும். புழு இருந்தால் என் கண்ணுக்குத் தெரியாது என்று அவரே ஒவ்வொன்றாகப் பிட்டுப் பார்த்து என் கிண்ணத்தில் போடுவார். எனக்கு முன்னால் மட்டும் நல்ல பிள்ளை, டீக்கடையில் சீனி டீ ஓடும் என்று சாடை பேசுவேன். சிரித்துக்கொள்வார். மாத்திரையும் நடையும் தவறவில்லை, சோறும் குறைந்தது. தை கடைசியில் சர்க்கரை கண் டாக்டர் கேட்ட அளவுக்கு இறங்கிவிட்டது.

மாசியில் ஆபரேஷன் நடந்தது. மறுநாள் கட்டைப் பிரித்து, சுவரில் இருந்த எழுத்தைப் படிக்கச் சொன்னார் நர்ஸ். என் பார்வை எழுத்துக்குப் போகவில்லை, கதவோரம் நின்ற இவர் மேல் போனது. நான் தைத்த சட்டைதான். அவர் அளவு எனக்கு மனப்பாடம். தோள் தையல் இரண்டு பக்கமும் கையில் இறங்கிக் கிடந்தது. காலர் கழுத்தை விட்டு விலகி நின்றது.

டீக்கடைப் பக்கமே போகவில்லையா என்று கேட்டேன். அன்றைக்கே சொன்னேனே என்றார், சாதாரணமாக.

நான் அந்தச் சட்டையையே பார்த்துக்கொண்டிருந்தேன். எழுத்து தெரியவில்லையா என்று நர்ஸ் பதறிப்போய்க் கேட்டார்.

"எழுத்தெல்லாம் தெரியுதும்மா. இவுக எளைச்சுப் போனதுதான் இத்தன நாளாத் தெரியல."