தவிட்டுக்கு வாங்கிய குப்பன்

திண்டிவனம் பேருந்து நிலையத்தில் நின்றுகொண்டு இப்போது ‘குப்பா’ என்று கூப்பிட்டால், நரைத்த தலைகள்தான் திரும்பிப் பார்க்கும். நான் படித்த காலத்தில் அப்படியில்லை. வாத்தியார் ‘குப்புசாமி’ என்றதும் வகுப்பில் பாதிப் பேர் எழுந்து நிற்போம். நெட்டைக் குப்பன், சப்பைமூக்குக் குப்பன் என்று அவரே பாகப்பிரிவினை செய்து வைத்திருந்தார். நான் சப்பைமூக்கு.

பெயரின் கதை எல்லா வீட்டிலும் ஒன்றுதான். முன்னால் பிறந்த குழந்தைகள் தங்கவில்லையென்றால், அடுத்துப் பிறப்பதைக் குப்பைமேட்டில் ஒரு புரட்டு புரட்டுவார்கள். குப்பையில் கிடப்பதை எமன்கூடச் சீண்டமாட்டான் என்று நம்பிக்கை. வேறொருத்தி வந்து, கண்டெடுத்ததுபோல் எடுத்துக்கொள்வாள். பெற்றவள் ஒரு முறம் தவிடு கொடுத்து அவளிடமிருந்து பிள்ளையை வாங்கிக்கொள்வாள். எல்லாம் அன்றைக்கே முடிந்துவிடும்.

என் விஷயத்தில் முடியவில்லை. எனக்கு முன் இரண்டு பேரைப் பறிகொடுத்த அம்மாவுக்குப் பயம் விடவில்லை. ஐந்து வயது தாண்டட்டும், திருவக்கரை அம்மன் சன்னதியில் மொட்டை போட்டு வாங்கிக்கொள்கிறேன் என்று வேண்டிக்கொண்டு, கண்டெடுத்த அத்தையிடமே என்னை விட்டுவைத்தாள். அத்தை அப்பாவின் அக்கா. அடுத்த வீடு. பிள்ளை கிடையாது. யாராவது என்னைக் காட்டிக் கேட்டால், “எங்க நாத்தனாரு புள்ள” என்பாள் அம்மா. சாப்பாடு, தூக்கம் எல்லாம் எனக்கு அத்தை வீட்டில்தான். ஊரே ‘டேய் குப்பா’ என்றபோது அவள் மட்டும் ‘என் குப்பா’ என்பாள்.

ஐந்து முடிந்ததும் ஒரு பௌர்ணமியன்று திருவக்கரைக்குப் போனோம். மொட்டை போட்டு, சந்தனம் பூசி, அத்தை என்னை இடுப்பில் வைத்திருந்தாள். அம்மா தவிட்டு முறத்தை நீட்டினாள்.

“இன்னும் ஒரு வருசம் போவட்டுமேம்மா. புள்ளைக்கு ஒடம்பு இன்னும் தேறல” என்றாள் அத்தை.

“வேண்டுதல் அண்ணி, தள்ளிப்போடக் கூடாது. ஜல்தியா வாங்கிக்கங்க, பஸ்ஸு பூடும்.”

அத்தை ஒரு கையால் முந்தானையை விரித்தாள். அம்மாவின் பையில் மல்லாட்டை உருண்டை, அதுதான் வேர்க்கடலை உருண்டை, இருப்பது எனக்குத் தெரியும். தவிடு விழுந்ததுதான் தாமதம், திமிறி இறங்கி அம்மாவிடம் ஓடினேன்.

“பெத்தவள வுட்டுப் போவுமா!” என்று அப்பா சிரித்தார். அத்தையும் சிரித்தாள். உருண்டைக்காகத்தான் ஓடினேன் என்று அவளிடம் கடைசிவரை சொல்ல வாய்க்கவில்லை. இனிச் சொல்ல அவளும் இல்லை.

தவிட்டைக் கோயில் மாட்டுக்குப் போட்டுவிடச் சொன்னார்கள். அத்தை போடவில்லை. பஸ்ஸில் வீடுவரைக்கும் மடியில் கட்டிக்கொண்டே வந்தாள். அவள் வீட்டில் மாடு கிடையாது. ஆகவே தவிட்டு அடை சுடப்போகிறாள் என்று நானே முடிவு செய்து, மறுநாள் விடிந்ததும் போய் அவள் அடுப்படியில் உட்கார்ந்தேன். அடுப்பே பற்றவைத்திருக்கவில்லை. மடியில் தவிடு அப்படியே இருந்தது.

“அம்மா தேடும் தம்பி, வூட்டுக்குப் போங்க” என்றாள் அத்தை.

என்னை அதுவரை யாரும் அப்படி அழைத்ததில்லை. மொட்டை போட்டதும் பெரிய மனிதனாகிவிட்டேன் போலிருக்கிறது என்று எண்ணி, அத்தை எனக்கு மரியாதை கொடுப்பதைத் தெரு முழுக்கச் சொல்லிக்கொண்டே ஓடினேன்.