மாமா கண்ட குடிசை

எங்கள் மாமாவுக்குக் கண் நன்றாகத் தெரியும், வாய் அதைவிட நன்றாகப் பேசும். எதையும் கேட்டுத் தெரிந்துகொள்ளும் பழக்கம் மட்டும் கிடையாது. அதனால் நான் பட்ட பாட்டை நினைத்தால் இன்றைக்கும் பற்றிக்கொண்டு வருகிறது.

தாராவியில் நான் படித்த தமிழ்ப் பள்ளியில் பெண்களுக்குச் சாரணியர் படை ஆரம்பித்திருந்தார்கள். எனக்கு அப்போது பன்னிரண்டு வயது. செம்பூரைத் தாண்டி டிராம்பே போகும் வழியில், ஒரு மலையடிவாரத்தில் மூன்று நாள் முகாம் என்றார்கள். "பொட்டப்பிள்ள காட்டுல போயிப் படுக்கணுமோ?" என்று அப்பா குதித்தார். அம்மா ஒரு வாரம் பேசிப் பேசி அவரைக் கரைத்தாள்.

முகாமில் கூடாரம் அடித்தோம், கல்லைக் கூட்டிக் கிச்சடி கிண்டினோம், கயிற்றில் விதவிதமாக முடிச்சுப் போட்டோம். கடைசி நாள் சோதனை. ஒவ்வொருத்தியும் தனியாகக் கம்பும் தழையும் கொண்டு ஒரு குடிசை கட்டி, டீச்சர் வந்து பார்க்கும்வரை அதற்குள்ளேயே உட்கார்ந்திருக்க வேண்டும். எழுந்து வெளியே வந்தால் பேட்ஜ் கிடையாது. காப்பி அடித்துவிடுவோம் என்று டீச்சர் எங்களை ஆளுக்கொரு புதராகப் பிரித்து விட்டிருந்தார்.

என் குடிசை ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தது. தும்மினால் விழுந்துவிடும் என்று மூச்சைக் கூட அளந்து விட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பக்கத்தில் என் தட்டும் தம்ளரும். அந்த நேரம் பார்த்து, அம்மாவின் தம்பியான எங்கள் மாமா காராசேவுப் பொட்டலத்தோடு வந்து நின்றார். டிராம்பேயில் ஒரு கட்டட வேலையில் கொத்தனாராக இருந்தார். போகிற வழியில் மருமகளைப் பார்க்க ஆசை.

"மாமா, அங்கனயே வச்சிருங்க. நான் வெளிய வரப்பிடாது" என்றேன்.

அவர் என்னைப் பார்த்தார், தட்டைப் பார்த்தார், குடிசையைப் பார்த்தார். கண் கலங்கியது. உடனே கோபமும் வந்தது.

"மாமன் ஒருத்தன் குத்துக்கல்லாட்டம் இருக்கேன். இதை எவன் கட்டுனாம்?"

"நானேதான் கட்டுனேன்!" என்றேன் பெருமையாக. அவர் தலையில் அடித்துக்கொண்டு பஸ்ஸுக்கு ஓடினார்.

எங்கள் ஊர்ப் பக்கத்தில் பெண் பெரியவளானால் தாய்மாமன்தான் பச்சை ஓலையில் குடிசை கட்டி, தனித் தட்டு தம்ளரோடு அவளை அதில் உட்கார வைக்க வேண்டும். அது அவருடைய உரிமை. அப்படியா விஷயம் என்று ஓர் ஆண்பிள்ளை பெண்ணிடம் கேட்க முடியாது, சரி. டீச்சரையாவது கேட்டிருக்கலாமே! கேட்டால் அவர் எங்கள் மாமா இல்லையே.

சாயங்காலம் பேட்ஜைச் சட்டையில் குத்திக்கொண்டு வீடு வந்தால், வாசலில் பச்சை ஓலைக் குடிசை நிற்கிறது. மாஹிமில் அலைந்து ஓலை வாங்கி மாமா கட்டி முடித்திருந்தார். சந்துப் பெண்கள் குலவை போட்டு என்னை உள்ளே தள்ளினார்கள். "ஒண்ணும் ஆகலை, ஒண்ணும் ஆகலை" என்று தொண்டை கிழியக் கத்தினேன். "எல்லாப் பிள்ளையளும் அப்படித்தாம் சொல்லும்" என்றார்கள். என் பேட்ஜை ஒரு நாதியும் திரும்பிப் பார்க்கவில்லை.

"அங்க கட்டியிருந்த லட்சணத்தைப் பாக்கணுமே, ஒரே கோணல்" என்று வெளியே மாமா சொல்லிக்கொண்டிருந்தார். பிறகு அப்பாவின் குரல் கேட்டது.

"படிச்சது போதும் மாப்ளே. நாளைலேர்ந்து பள்ளிக்கூடம் வேண்டாம்."

"பின்னே?" என்று மாமா ஆமோதித்தார்.

உளுந்தங்களியோடு குனிந்து வந்த அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதேன். அவள் காதோடு ஒரே ஒரு கேள்வி கேட்டாள். நான் இல்லையென்று தலையாட்டினேன். அம்மா அப்படியே தரையில் உட்கார்ந்து, முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு கண்ணீர் வரச் சிரித்தாள். வெளியே விஷயம் தெரிந்ததும் அப்பா முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டார். "இம்புட்டுப் பேரைக் கூட்டியிருக்கேனே, இனி என்ன செய்ய?" என்று மாமா என்னிடமே வந்து சண்டை பிடித்தார். வந்தவர்கள் களியைத் தின்றுவிட்டுப் போனார்கள். மறுநாள் நான் பள்ளிக்கூடம் போனேன்.

ஏழெட்டு மாதம் கழித்து ஒரு காலையில் நிஜமாகவே ஆயிற்று. ஓடிப்போய் அம்மாவிடம் சொன்னேன். அவள் கதவைச் சாத்தினாள். பழைய சேலையைக் கிழித்துக் கொடுத்து, செய்ய வேண்டியதைச் சொல்லிக்கொடுத்தாள். பிறகு என் புத்தகப் பையை எடுத்துக் கையில் திணித்தாள்.

"ஒருத்தர்ட்டயும் மூச்சு விடப்பிடாது. மணியாச்சு, பள்ளிக்கூடத்துக்குப் போ."

குலவையும் இல்லை, களியும் இல்லை. என்னோடு முகாமுக்கு வந்தவர்களுக்கெல்லாம் ஒவ்வொருத்தியாக மாமன் வீட்டுப் பட்டுப்பாவாடை வந்தது. ஒவ்வொருத்தியாக வகுப்பிலிருந்து நின்றுபோனாள். எனக்கு மட்டும் பட்டுப்பாவாடை இல்லாமல் பண்ணிவிட்டாளே என்று, அந்தக் காலப் பள்ளியிறுதியான பதினோராம் வகுப்பு தேறும்வரை நான் அம்மாவை மனதுக்குள் திட்டிக்கொண்டே இருந்தேன்.