பொருள்: தெரு விளக்குக் குறை

சூடான பல்பில் மோதிக் கருகிய ஈசலின் வாடை மேல்காற்றோடு ஜன்னல் வழியே வந்து நேராக எங்கள் தலையணையில் இறங்கும். வெளிச்சம் அதற்கு முன்பே வந்து பாயில் படுத்திருக்கும். கண்ணை மூடினால் இமைக்குள் சிவப்பு. புரண்டு படுத்தால் சுவரில் ஜன்னல் கம்பிகளின் நிழல், ஏழு கோடு. அந்த ஏழு கோட்டையும் நான் எண்ணாத இரவு அந்த நாட்களில் குறைவு.

ஐம்பதுகளின் பிற்பாதி அது. எனக்குப் பத்து வயது. தென்காசியில் எங்கள் தெருவுக்கு, பஸ் நிற்கும் இடத்திலிருந்து ரயிலடிக்குக் குறுக்குப் பாதை என்பதைத் தவிர வேறு பெருமை கிடையாது. குற்றாலத்தில் குளித்துவிட்டு ஈரத் துண்டோடு ரயிலைப் பிடிக்க ஓடும் சீசன்காரர்கள் சாக்கடையில் விழக்கூடாது என்று மேலிடத்தில் யாருக்கோ தோன்ற, சித்திரையில் ஒரு கம்பம் நட்டு விளக்கு மாட்டினார்கள். கம்பம் எங்கே நிற்க வேண்டும் என்பதற்கு முறை உண்டு: அளவு நாடா, வரைபடம், ஒரு கம்பத்துக்கும் அடுத்ததற்கும் நடுவே இத்தனை அடி என்ற கணக்கு. பின்னாளில் முப்பத்து மூன்று வருஷம் அரசு அலுவலகங்களில் கோப்புகளோடு குடித்தனம் நடத்தியவள் என்ற முறையில், அந்தக் கணக்கில் நான் தப்புக் கண்டுபிடிக்க மாட்டேன். அந்த இத்தனை அடி எங்கள் ஜன்னலுக்கு நேரே வந்து முடிந்தது, அவ்வளவுதான்.

எங்களுடையது 'வளவு' வீடு. ஒரே முற்றத்தைச் சுற்றி ஐந்து குடித்தனம், அதில் தெருவைப் பார்த்தது நாங்கள். 'பட்டாசல்' என்று நாங்கள் சொன்ன முன்னறைதான் பகலில் கூடம், இரவில் படுக்கையறை. பின்னால் அடுக்களை, அதற்கு ஜன்னலும் இல்லை, புகை வெளியே போக வழியும் இல்லை. பட்டாசலின் மேற்கு ஜன்னலுக்கு இருக்க வேண்டிய இரண்டு கதவில் ஒன்று நாங்கள் குடிவருவதற்கு முன்பே எங்கோ போயிருந்தது. வீட்டுக்காரரிடம் கேட்டால், "சீசன் முடியட்டும், பாப்போம்" என்பார். எங்கள் ஊரில் எந்தக் காரியமும் ஒன்று சீசனுக்கு முன்னால் நடக்கும், அல்லது சீசன் முடிந்து நடக்கும். சீசனில் நடப்பது சீசன் மட்டுமே.

ஒரு விளக்குக்கு இவ்வளவு ஆர்ப்பாட்டமா என்று கேட்கலாம். அம்மாவுக்கு அப்போது ஐந்தாம் மாசம். எனக்குப் பின்னால் இரண்டு பிள்ளைகள் தங்கி, இரண்டும் ஏழாம் மாசத்தைத் தாண்டவில்லை. வீட்டில் அதைப் பற்றிப் பேச்சே கிடையாது. 'அந்தத் தடவை', 'அதுக்கு முந்தின தடவை' என்பதோடு சரி. ஆஸ்பத்திரியில் லேடி டாக்டர் அம்மாவின் கையில் பட்டையைச் சுற்றி அழுத்திப் பார்த்துவிட்டு அப்பாவிடம் சொன்னதை நான் பக்கத்தில் நின்று கேட்டேன். "மருந்து நான் தாரேன். உறக்கத்த நீங்கதான் குடுக்கணும். ராத்திரி உறக்கம் கெட்டா பிரஷர் ஏறும். ஏறுனா, முந்தி ஆனதுதான் இப்பவும் ஆகும்." அன்றிலிருந்து அம்மா கண்ணை மூடியிருக்கிறாளா என்று பார்ப்பதே எனக்கு இரவு வேலையாகிவிட்டது. பார்ப்பதற்கு வெளிச்சம் வசதியாக இருந்ததுதான் வேடிக்கை.

முதலில் ஒரு பழைய சேலையை நாலாக மடித்து ஜன்னலில் கட்டினோம். வெளிச்சம் நின்றது, கூடவே காற்றும் நின்றது. அம்மா மூச்சு முட்டி எழுந்து உட்கார்ந்துவிட்டாள். ஓலைப் பாயைச் சாய்த்து வைத்தோம். மேல்காற்று அதைக் கம்பியில் அடித்து அடித்து மேளம் வாசித்தது. அப்பா தன் குடையை விரித்துக் கம்பியில் கட்டினார். மூன்றாம் நாள் காலையில் கைப்பிடியும் எலும்புகளும் மட்டும் இருந்தன; துணி எந்த ஊருக்கு ரயிலேறியதோ தெரியாது. வெளிச்சம் வேண்டாம், காற்று வேண்டும் என்றால், இரண்டும் ஒரே ஓட்டை வழியாக அல்லவா வந்துகொண்டிருந்தன.

கடைசியில் நானே ஒரு வழி கண்டேன். ஜன்னல் திண்டில் ஏறிக் கம்பிக்கு முதுகைக் கொடுத்துச் சம்மணம் போட்டு உட்கார்ந்தால், என் தலையின் நிழல் சரியாக அம்மாவின் முகத்தில் விழும். பக்கவாட்டில் காற்றும் வரும். அம்மா உறங்கியதும் இறங்கிப் படுத்துக்கொள்வது என்று எனக்குள் ஏற்பாடு. ஆனால் இறங்கினால் நிழலும் இறங்கிவிடும் என்பதை நான் யோசித்திருக்கவில்லை. பத்துப் பன்னிரண்டு நாள் அப்படியே உட்கார்ந்திருந்தேன். ஒருநாள் உட்கார்ந்தபடியே கண்ணயர்ந்து தண்ணீர்ப் பானையின் மேல் விழுந்தேன். பானை போயிற்று. அம்மா என் நெற்றியைத் தடவிப் பார்த்துவிட்டு, "நீ நிழல் குடுத்தது போதும்ட்டி, வந்து படு" என்றாள். அதன்பின் அவள் விடியும்வரை உறங்கவில்லை, நான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அப்பா அரசாங்க குமாஸ்தா. "எழுத்துல இருந்தாத்தான் அது இருக்கு" என்பது அவர் அடிக்கடி சொல்வது. அடுத்த நாளே மனு எழுதினார். எந்த அலுவலகத்துக்கு என்று சொல்லப் போவதில்லை. அங்கே வேலை பார்த்தவர்களின் பேரன்மார் இன்றும் எனக்கு வணக்கம் சொல்கிறார்கள். வெள்ளைத் தாளில் ஓரம் மடித்து, முத்து முத்தான எழுத்தில், 'பொருள்: தெரு விளக்குக் குறை - நீக்கக் கோருதல்' என்று தலைப்புப் போட்டார். அதன் கீழே இரண்டு பக்கத்துக்கு ஜன்னல், கர்ப்பிணி, டாக்டர் சொன்னது எல்லாம் விவரமாக இருந்தது. அந்த இரண்டு பக்கத்தை யாரும் படிக்கமாட்டார்கள் என்று அப்பாவுக்குத் தெரிந்திருக்க வேண்டும். தன் மேஜைக்கு வரும் மனுக்களில் அவரும் தலைப்பைத் தாண்டியதில்லை.

பத்தாம் நாள் ஓர் ஆள் ஏணியோடு வந்தான். இப்படி ஒரு வேகத்தை என் சர்வீசில் நான் கண்டதில்லை. பழைய பல்பைக் கழற்றி, அதைப் போல இரண்டு மடங்கு பெரியதை மாட்டிவிட்டுப் போனான். விளக்கில் குறை என்றால் வெளிச்சம் குறைவு, குறைவை நீக்கியாயிற்று, கோப்பை மூடியாயிற்று. அப்பா சொன்ன குறை வேறு, அவர்கள் படித்த குறை வேறு. அன்று இரவு சுவரில் ஏழு கோடும் கரியால் இழுத்தது போல் நின்றன.

இதில் பெரிய சங்கடம், தெரு முழுக்க அப்பாவைப் பாராட்டியது. எதிர் வரிசையில் கம்பத்துக்கு நேர் கீழே முப்பிடாதி அக்கா என்று ஒருத்தி, பீடி சுற்றுபவள். மடியில் சுளவு என்ற முறத்தை வைத்து, இலையும் தூளுமாக இருட்டும்வரை வாசலிலும், பிறகு உள்ளே மண்ணெண்ணெய் விளக்கின் முன்னாலும் உட்கார்ந்திருந்தவள், இப்போது இரவிலும் வாசலிலேயே இருந்தாள். அப்பா ஆபீஸ் விட்டு வரும்போது தலையை நிமிர்த்தாமலே சொன்னாள்: "அண்ணாச்சி, ஒங்க எழுத்துக்கு இம்புட்டு மவுசுன்னு தெரியாமப் போச்சே. நூலும் எலயும் பளிச்சுன்னு தெரியுது. அடுத்தாப்புல நம்ம தெருவுக்கு ஒரு அருவி கேட்டு எழுதுங்க." அப்பா விளக்கெண்ணெய் குடித்த முகத்தோடு சிரித்துவிட்டு உள்ளே வந்தார்.

இரண்டாவது மனுவை நேரிலேயே கொண்டு போனார். அங்கே இருந்தவர் மரியாதையாகவே சொன்னாராம்: "வெளிச்சத்தக் குறைக்கணும்னா தெருக்காரங்க எல்லாரும் ஆட்சேபணை இல்லன்னு எழுதிக் குடுக்கணும் சார். குடுத்தாலும் உடனே நடக்காது. ஏறுததுக்கு ஏணி வேணும்லா? இருக்கது ஒண்ணு. அது குத்தாலத்துக்குப் போயிருக்கு, சீசன் வெளக்குக் கட்ட. சீசன் முடிஞ்சாத்தான் வரும்." சீசன் முடிய ஆவணி ஆகும். அம்மாவுக்கு ஏழாம் மாசம் ஆடியில். நான் விரலை விட்டு மூன்று தடவை எண்ணிப் பார்த்தேன். மூன்று தடவையும் ஏணி பிந்தியே வந்தது.

கையெழுத்து வாங்கும் வேலை எனக்கு வந்தது. பாராட்டியவர்களிடமே போய் வெளிச்சத்தைத் திருப்பிக் கேட்க அப்பாவுக்கு முகம் இல்லை. மற்ற வீடுகளில் படித்தும் படிக்காமலும் போட்டுக் கொடுத்தார்கள். முப்பிடாதி அக்காவின் வாசலுக்கு வந்ததும் என் கால் நின்றுவிட்டது.

"ஏட்டி, என்ன தாளு?"

"கையெழுத்து வேணும்க்கா."

"எனக்கு ஏதுட்டி கையெழுத்து? கைநாட்டுதான். எங்கப்பன் ஒருக்க கைநாட்டு வச்சான், வயக்காடு போச்சு. இப்ப நான் வச்சா எது போவும்?"

"வெளிச்சம் போவும்" என்று உண்மையைச் சொல்லிவிட்டேன். சொன்ன வேகத்தில் மற்றதும் வந்துவிட்டது: அம்மா, ஏழாம் மாசம், அந்தத் தடவை, அதுக்கு முந்தின தடவை. வீட்டில் பேசாததையெல்லாம் தெருவில் வைத்துப் பேசிவிட்டேன்.

பீடி சுற்றும் கை நின்றது. "அதுக்குத்தான் ஜன்னல்ல பல்லி மாதிரி ஒட்டிக்கிட்டு இருந்தியா? பிள்ளைக்குப் படுக்க எடம் இல்ல போலன்னுல்லா நெனச்சேன்." விளக்கை நிமிர்ந்து பார்த்தாள். எங்கள் ஜன்னலைப் பார்த்தாள். "வெளக்கு எனக்கு வேணும். மைனிக்கு வேண்டாம். இதுல ஆபீசு எங்கன வருது?" தாளை என்னிடமே திருப்பிக் கொடுத்துவிட்டாள். கைநாட்டு வைக்கவில்லை. எல்லாம் முடிந்தது என்று நினைத்து வீட்டுக்கு வந்து, நாளைக்குத் தருவதாகச் சொன்னாள் என்று அப்பாவிடம் பொய் சொன்னேன்.

மறுநாள் உச்சிப் பொழுதில், அப்பா ஆபீசில் இருக்கும்போது, அவளுடைய தம்பி வந்தான். பனையேறி. மண்ணெண்ணெய் டின் ஒன்றைப் பாதியாக வெட்டி வளைத்து இடுப்பில் கட்டியிருந்தான். காலில் தளைநாரை மாட்டிக்கொண்டு, பனையில் ஏறுவது போலவே இரும்புக் கம்பத்தில் ஏறினான். "அக்கா, கரண்டு இருக்காதா?" என்றேன். "வெளக்கு எரியலல்லா? பெறவு எங்கன இருந்து கரண்டு வரும்?" என்றாள் முப்பிடாதி அக்கா. அந்த விளக்கத்தில் பாதி நியாயம், பாதி சாவு என்பது எனக்குப் பின்னாளில்தான் தெரிந்தது. அவன் தகரத்தை எங்கள் வீட்டுப் பக்கமாக வைத்துப் பனைநாரால் கட்டி முடிச்சுப் போட்டுவிட்டு முழுசாக இறங்கி வந்தான்.

அன்று இரவு வெளிச்சம் நடுத்தெருவோடு நின்றது. தகரத்தில் பட்டுத் திரும்பியதும் சேர்ந்து அக்காவின் வாசலில் இரட்டை வெளிச்சம். சுவரில் ஒரு கோடும் இல்லை. காற்று மட்டும் தாராளமாக வந்தது. அம்மா உறங்கினாள்.

இப்போது அப்பாவுக்கு உறக்கம் போயிற்று. பொதுச் சொத்தில் கை வைத்தது குற்றம். மறைத்தது யார் என்று தேட ஊரைச் சுற்ற வேண்டியதில்லை, மனு கோப்பில் இருக்கிறது, முத்து முத்தான எழுத்தில், விலாசத்தோடு. வேலை போனால் என்ன செய்வது என்று இருட்டில் முணுமுணுத்தார். போதாக்குறைக்குத் தகரம் காற்றில் 'டொக், டொக்' என்று கம்பத்தில் தட்டியது. அம்மாவுக்கு அது இடைஞ்சலாக இருக்குமோ என்று நான் பயந்தேன். "அது தட்டட்டும்ட்டி. சத்தம் கேட்டாத்தான் தகரம் அங்கன இருக்குன்னு தெரியுது" என்றாள். அதன்பின் காற்று ஓய்ந்து சத்தம் நிற்கும்போதெல்லாம் நான் திடுக்கிட்டு விழித்தேன்.

ஆடி பாதியில் விளக்கு மேஸ்திரி சைக்கிளில் வந்தார். அன்று விடுமுறை, அப்பா சட்டைப் பொத்தானை மாற்றிப் போட்டுக்கொண்டு வாசலுக்கு ஓடினார். மேஸ்திரி அண்ணாந்து பார்த்து, "இது யாரு வேல?" என்றார்.

முப்பிடாதி அக்கா தலையை நிமிர்த்தவில்லை. "ஆடிக் காத்து வேல. எங்கனயோ கெடந்த தகரத்தக் கொண்டாந்து மாட்டிட்டுப் போச்சு."

"காத்து நார் போட்டு முடிச்சும் போடுமோ?"

"குத்தாலத்துக் காத்துல்லா? சீசன் நேரத்துல அது என்னவும் செய்யும்."

தெரு சிரித்தது. மேஸ்திரி சிரிக்காமல் அப்பாவைத் திரும்பிப் பார்த்தார். அப்பாவின் உதடு மனுவின் முதல் வரியைத் தேடிக்கொண்டிருந்தது. அப்போது அம்மா நிலையைப் பிடித்துக்கொண்டு வாசலுக்கு வந்து நின்றாள். மேஸ்திரி அவள் வயிற்றைப் பார்த்தார், எங்கள் ஒற்றைக் கதவு ஜன்னலைப் பார்த்தார், நோட்டை விரித்து எழுதினார். அப்பா எட்டிப் பார்த்து அதை மனப்பாடம் செய்துகொண்டு வந்து எங்களுக்குச் சொன்னார்: 'காற்றினால் தகரம் சிக்கியுள்ளது. ஏணி வந்ததும் அகற்றப்படும்.' முப்பத்து மூன்று வருஷத்தில் இதைவிடக் கச்சிதமான குறிப்பு ஒன்றை நான் எழுதியதில்லை.

ஏழாம் மாசம் கழிந்த அன்று அப்பா நாள்காட்டியில் தாளைக் கிழித்து, எறியாமல், மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். புரட்டாசிக் கடைசியில் தம்பி பிறந்தான். ஏணி வந்ததா என்று யாரும் விசாரிக்கவில்லை. அறுபதுகளில் குழல் விளக்கு வந்து கம்பத்தையே மாற்றும்வரை, துரு ஏறிய அந்தத் தகரம், காற்றினால் சிக்கியபடியே இருந்தது.

நான் இப்போது அதே ஊரில் வேறு தெருவில் மாடி வீட்டில் இருக்கிறேன். போன வருஷம் எதிரே வெள்ளை வெளேரென்று எல்.இ.டி. விளக்கு ஒன்று வந்தது. புகார் சொல்ல ஃபோனிலேயே வசதி உண்டு: 'எரியவில்லை', 'விட்டுவிட்டு எரிகிறது', 'பகலிலும் எரிகிறது'. நான் 'மற்றவை' என்பதைத் தொட்டு, குறை என்ற சொல்லைக் கவனமாகத் தவிர்த்து, நாலு வரி எழுதினேன். இரண்டாம் நாள் பதில் வந்தது: 'தங்கள் குறை தீர்க்கப்பட்டது.' ஜன்னலைத் திறந்து பார்த்தேன். விளக்கு நன்றாகவே எரிந்துகொண்டிருந்தது.

கனத்த திரை வாங்கி மாட்டியிருக்கிறேன். வெளிச்சம் வருவதில்லை. முப்பிடாதி அக்காவும் இல்லை, அம்மாவும் இல்லை. கம்பத்தில் ஏற இப்போது வண்டியோடு ஏணி வருகிறது, குற்றாலத்திலும் நிற்பதில்லை. ஆனாலும் ஆடியில் மேல்காற்று வீசி ஓயும்போது எனக்கு விழிப்புத் தட்டிவிடுகிறது. இருட்டில் அசையாமல் படுத்து, அந்த 'டொக்' வரட்டும், உறங்கலாம் என்று காத்திருக்கிறேன்.