அம்மா எழும்பாத மழைநாள்

நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள். எழுத்துப் பிழை இருக்கும், சொன்னதையே திரும்பவும் சொல்வேன், சிலது மறந்தும் போய்விட்டது. நாலு பேர் கூடியிருக்கும் இடத்தில் வாய் திறக்கவே எனக்குக் கூச்சம். ஆனால் நேற்று மழைக்குள் போர்த்துக்கொண்டு படுத்திருந்தபோது பக்கத்து வீட்டுப் பெண் எட்டிப் பார்த்து, "என்னணை ஆச்சி, வருத்தமோ?" என்று கேட்டாள். "ஒரு வருத்தமும் இல்லை. மழை பெய்யுது, படுத்திருக்கிறன்" என்றேன். அவள் நம்பாமல் போனாள். பொம்பிளை ஒருத்தி பகலில் படுத்தால் அது வருத்தமாக, நோயாகத்தான் இருக்கவேண்டும் போல. அந்தக் கோபத்தில்தான் இதை எழுதுகிறேன்.

ஐயாவும் அம்மாவும் யாழ்ப்பாணத்திலிருந்து, குளத்தடியில் காணி கிடைத்து வன்னிக்கு வந்தவர்கள். எங்களுக்கு முந்தியே வந்து குடியேறியவர் ஐயாவின் அக்கா, எனக்கு மாமி. பக்கத்துக் காணி அவருடையது. எங்களுக்குக் காணி கிடைத்ததே தன்னால்தான் என்று மாமிக்கு ஓர் எண்ணம். அதனால் எங்கள் வயலில் வேலை முடிந்ததோ இல்லையோ, அவருடைய வயலில் அம்மா இறங்கியாகவேண்டும். கூலி கிடையாது, சாப்பாடும் கிடையாது. வரம்பில் நின்று மாமி சொல்லும் குறை மட்டும் தவறாமல் கிடைக்கும். அம்மா ஒரு நாளும் மறுத்துப் பேசி நான் கேட்டதில்லை.

எனக்கு அப்போது எட்டு வயதிருக்கும். கார்த்திகை மாதம். இரவு பிடித்த மழை விடிந்தும் விடவில்லை. முற்றம் முழுக்க வெள்ளம். கோழிகள் எல்லாம் விறாந்தையில் ஏறி நின்றன. நான் கண் விழித்தபோது அம்மா பாயிலேயே கிடந்தார். எனக்குப் பிறகு எழும்பும் அம்மாவை அன்றுதான் முதல்முதலாகக் கண்டேன். குசினியில் ஐயா சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு அடுப்பை ஊதிக்கொண்டிருந்தார்.

"அம்மாவுக்குத் துடக்கு. கிட்டப் போகாதை" என்றார்.

இதை எழுதக் கூச்சமாகத்தான் இருக்கிறது. எழுதாவிட்டால் கதை விளங்காது. மாதவிலக்கைத்தான் நாங்கள் துடக்கு என்போம். துடக்கானவர் அடுப்படிக்குப் போகக்கூடாது, தண்ணீர்ப் பானையைத் தொடக்கூடாது. அவரைத் தொட்டவர்கள் முழுகவேண்டும். எல்லாவற்றிலும் மேலாக, வயலில் கால் வைக்கக்கூடாது. வைத்தால் பயிர் கருகிவிடும் என்பார்கள். இந்த முறைகளில் மாமி மிகக் கடுமை.

கொஞ்ச நேரத்தில் மாமி வந்தார். சாக்கு ஒன்றைத் தலையில் கவிழ்த்திருந்தார்; முழங்கால் வரைக்கும் சேறு.

"எடியே, இன்னும் படுக்கையோ? கூலிக்கு வாறதுகள் ஒண்டும் வரேல்லை. மழையெண்டால் புல்லு லேசாக் கழண்டு வரும். எழும்பு, எழும்பு!"

"மச்சாள், எனக்குத் துடக்கு" என்றார் அம்மா, படுத்தபடியே.

வாசற்படியில் வைத்த காலை மாமி பின்னுக்கு எடுத்தார். வயலில் புல் பிடுங்கவும் ஆள் வேண்டும், பயிரும் கருகக்கூடாது. அவருடைய முகம் அங்கும் இங்கும் இழுபட்டது. பிறகு வேறொன்றைப் பிடித்துக்கொண்டார்.

"துடக்கெண்டால் வீட்டுக்குள்ளை என்ன வேலை? பத்திக்குப் போய்க் கிட."

பத்தி என்பது மாட்டுக்கொட்டிலோடு இறக்கிய ஓலைச் சாய்ப்பு. அந்த நாட்களில் அம்மா அங்கேதான் படுப்பார். அன்று அதற்குள் வெள்ளம் ஓடிக்கொண்டிருந்தது.

"பத்தி ஒழுகுது. நான் போகமாட்டன்."

"என்ன சொன்னனீ?"

"போகமாட்டன் மச்சாள். இஞ்சைதான் படுப்பன்."

அம்மா சத்தம் போடவில்லை. ஆனால் பாயின் ஓரத்தைச் சுருட்டிப் பிடித்துக்கொண்டார். மாமி இன்னும் இரண்டு சொல் சொன்னால் அம்மா எழும்பிப் போய்விடுவாரோ என்று எனக்குப் பயம்.

மாமி குசினிப் பக்கம் திரும்பினார். "தம்பி, உன்ரை பெண்சாதி கதைக்கிற கதையைக் கேட்டனியே? நீயும் பொம்பிளை மாதிரி அடுப்பு ஊதிக்கொண்டு நிக்கிறாய்!"

"ஓமக்கா, மரவள்ளி அவியுது. இருந்து சாப்பிட்டிட்டுப் போங்கோ."

"துடக்கு வீட்டிலையோ? அப்ப இந்தப் பெட்டையை அனுப்பு. அவளுக்கும் கை இருக்குத்தானே."

பெட்டை என்றது என்னை. நான் ஓடிப்போய் அம்மாவின் போர்வைக்குள் புகுந்து அவரைக் கட்டிப்பிடித்தேன். "நானும் தொட்டிட்டன் மாமி!"

"அதுக்கென்ன? வெளியிலை வா. இந்த மழைக்குள்ளை நிண்டாலே முழுக்குத்தான்."

மாமியின் மூளை அப்படி வேலை செய்யும். போர்வைக்குள் அம்மாவின் கை என்னைச் சுற்றி இறுகியது.

"அவள் முழுக முழுக நான் திரும்பத் திரும்பத் தொடுவன், மச்சாள்."

குசினிக்குள் ஐயா இருமினார். அது புகையால் வந்த இருமல் இல்லை. மாமி சாக்கை இழுத்து மூடிக்கொண்டு, "துடக்கு முடியட்டும், பாப்பம்" என்று வெள்ளத்துக்குள் இறங்கிப் போனார்.

அதன்பிறகு அந்த நாள் முழுவதும் எங்களுடையது. ஐயா மரவள்ளியைத் தோல் சரியாக உரிக்காமல் அவித்திருந்தார். சம்பலுக்கு உப்பை இரண்டு தரம் போட்டிருந்தார். அம்மாவுக்கென்று தனிக் கோப்பை வைக்கவேண்டும், வைக்கவில்லை. மூன்று பேரும் ஒரே தட்டில் கை வைத்துச் சாப்பிட்டோம். ஒழுகும் இடங்களில் ஐயா சட்டிகளை வைக்க, அவை ஆளுக்கொரு சத்தம் போட்டன. தூரத்தில் குளம் நிரம்பி வான் பாயும் இரைச்சல். அம்மா எனக்குப் பேன் பார்த்துக்கொண்டிருந்து, பாதியில் நித்திரையாகிவிட்டார். வாய் கொஞ்சம் திறந்திருந்தது. நனைந்த பேட்டுக் கோழி ஒன்று வந்து அவருடைய காலடியில் ஒடுங்கியது. ஐயா அதைத் துரத்தவில்லை.

என்னையும் ஐயாவையும் ஒருவரும் முழுகச் சொல்லவில்லை. துடக்குத் துணி எதுவும் வேலியில் காயவுமில்லை. ஏன் என்று நான் யோசிக்கவில்லை. அம்மாவோடு பகலில் படுக்கக் கிடைத்ததே எனக்குப் போதுமாக இருந்தது.

வைகாசியில் தம்பி பிறந்தான். கொழுகொழுவென்ற பிள்ளை. மாமி அவனை மடியில் வைத்து, காலை நீட்டிப் பார்த்து, கன்னத்தைக் கிள்ளினார். பிறகு விரல் மடித்து, வைகாசி, சித்திரை, பங்குனி என்று பின்னுக்கு எண்ணிக்கொண்டு போனார். கார்த்திகையில் விரல் நின்றது. அம்மாவை நிமிர்ந்து பார்த்தார்.

"அப்ப, அண்டைக்கு?"

"அண்டைக்கு மழை மச்சாள்" என்றார் அம்மா. "படுத்திருந்தனான்."

மாமி பிள்ளையைக் கொடுத்துவிட்டு எழும்பிப் போனார். தம்பி பிறந்ததற்கு ஏன் மழையைப் பற்றிக் கதைக்கிறார்கள் என்று நான் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தேன்.

நானே பிள்ளை சுமந்தபோதுதான் எனக்கு அது விளங்கியது. வயிற்றில் பிள்ளை இருப்பவளுக்கு ஏது துடக்கு? அந்த மழைநாளுக்கு முந்திய வருஷ மாரியில் மாமியின் வயல் சேற்றில் நின்றுவிட்டு வந்த இரவு, அம்மாவுக்கு ஒரு பிள்ளை அழிந்துபோனதாம். அதையும் அப்போதுதான் ஐயா சொன்னார். பிள்ளைத்தாய்ச்சி என்று சொல்லியிருந்தால் மாமி விட்டிருக்கமாட்டார். தானும் அப்படி வேலை செய்துதான் பெற்றேன் என்றிருப்பார். மாமி பின்வாங்கிய ஒரே சொல் துடக்கு. அம்மாவை மாதாமாதம் பத்திக்குள் தள்ளிய அந்தச் சொல்லையே அம்மா எடுத்துப் போர்த்துக்கொண்டு படுத்திருக்கிறார்.

வைகாசியோ ஆனியோ, மரவள்ளியோ வேறு கிழங்கோ, எனக்குச் சரியாக நினைவில்லை. தம்பியோ மாமியின் பிள்ளைகளோ இதை வாசித்தால் பார்த்துத் திருத்துங்கள். அம்மா பொய் சொன்னது பிழை என்று மட்டும் ஒருவரும் திருத்தவேண்டாம்.