பர்வதத்தின் ராகு காலம்

டல்லாஸ் பக்கத்து ஆலன் ஊரில் அனந்தராமனைப் போல ராகு காலத்தைக் கிண்டல் செய்தவர் யாரும் இல்லை. திங்கட்கிழமைகளில் ஒன்பது மணி தாண்டாமல் மனைவி பர்வதம் காரை எடுக்கவிட மாட்டாள். "ராகுவுக்கு அமெரிக்க விசா யார் குடுத்தா?" என்று கேட்டுக்கொண்டே அவர் கராஜில் காத்திருப்பார். அவள் சரியாக ஒன்பது ஐந்துக்கு வந்து ஏறிக்கொண்டு, "இப்ப எடுங்க" என்பாள்.

பர்வதம் போய் ஒன்றரை வருடம் ஆகிறது. அதன் பிறகு ராகு காலம் பார்க்காமல் அவர் குப்பைத் தொட்டியைக்கூடத் தெருவுக்குத் தள்ளுவதில்லை. சென்னையிலிருந்து வரவிருந்த ஒருவரிடம் சொல்லி, அவள் எப்போதும் வரவழைக்கும் அதே நகைக்கடைத் தினசரி காலண்டரைத் தருவித்து, சமையலறையில் அதே ஆணியில் மாட்டினார். திடீரென்று நம்பிக்கை வந்துவிட்டதா என்று கேட்டால் அவருக்கே சொல்லத் தெரியாது.

மார்ச் மாதம் எலெக்ட்ரிக் கார் ஒன்றை புக் பண்ணினார். மகள் அஞ்சனா ஆகஸ்டில் ஆஸ்டினுக்குக் கல்லூரி போகிறாள். அவளைத் தன் கையால் கொண்டுபோய் விடவேண்டும். அவருக்கு வேண்டியது அவ்வளவுதான். வீட்டில் இருந்த பழைய வேனில் ஏசி உயிரை விட்டு ஒரு வருடம் ஆகிறது. வெளியே நூற்று நாலு டிகிரி.

"மூணரை மணி நேரம் இந்த வேன்லயா? ஐ வில் லிட்டரலி மெல்ட், அப்பா" என்றாள் அஞ்சனா. அவளோடு படிக்கப்போகும் க்ரிஷ் வீட்டு வண்டியில் ஒரு சீட் காலி. ஒன்றே ஒன்று. கல்லூரி திறக்குமுன் வரும் கடைசி வெள்ளிக்கிழமைக்குள் கார் வராவிட்டால் மறுநாள் சனிக்கிழமை அவள் அதில் போய்விடுவாள். அப்பா வாசலில் நின்று டாட்டா காட்டலாம்.

ஐந்து மாதம் அந்தக் கார் போன் திரையிலேயே வளர்ந்தது. காலையில் பல் தேய்க்குமுன் அதைத்தான் பார்ப்பார். கராஜ் சுவரில் சார்ஜர் வந்து மாட்டிக்கொண்டு பச்சையாகக் கண் சிமிட்டியது. மாப்பிள்ளை வராத கல்யாணத்தில் நாயனக்காரர் உட்கார்ந்திருப்பதுபோல அது சும்மா உட்கார்ந்திருந்தது. அவர் அதற்கு வாரம் ஒரு முறை தூசி தட்டினார்.

ஆகஸ்ட் தொடக்கத்தில் தகவல் வந்தது. 'உங்கள் கார் தயார். திங்கள் காலை எட்டு மணி.' காலண்டரில் ராகு காலம் ஏழரை முதல் ஒன்பது. வேறு நேரம் கேட்டார். அந்தக் கார் வரிசையில் அடுத்த ஆளுக்குப் போனது. மறுவாரம் செவ்வாய் பிற்பகல் மூன்றரை என்றார்கள். காலண்டரில் மூன்று முதல் நாலரை. அந்தக் காரும் போனது.

மூன்றாவதாக, கடைசி வெள்ளிக்கிழமை பதினொரு மணி. காலண்டரில் பத்தரை முதல் பன்னிரண்டு. அவர் விரல் மறுபடியும் திரையை நோக்கிப் போனது. அஞ்சனா போனைப் பிடுங்கினாள்.

"அப்பா! இதையும் விட்டா செப்டம்பர்தான். யூ டோன்ட் ஈவன் பிலீவ் இன் திஸ்!"

"நான் நம்பலைதான்" என்றார் அனந்தராமன். "அதுக்காகப் பார்க்காம இருக்க முடியுமா?"

கடைசியில் ஷ்யாமளாவுக்கு போன் போட்டார். பர்வதத்தின் சிநேகிதி, வட டல்லாஸ் தமிழர்களுக்கெல்லாம் நாள் பார்த்துக் கொடுப்பவள்.

"அண்ணா, எந்த ராகு காலம் பார்க்கறீங்க?"

"காலண்டர்ல போட்டிருக்கறதுதான்."

"அது ஆறு மணிக்கு சூரியன் உதிக்கிற ஊருக்கு. இங்க ஏழுக்குக் கொஞ்சம் முன்னாடிதானே உதிக்கறது? பகலும் நீளம். வெள்ளிக்கிழமை பதினொண்ணு அம்பதுக்குத்தான் ஆரம்பம். ஒன்றரை வரைக்கும். பதினொரு மணி அமோகமான நேரம்."

"அப்ப நான் வேண்டாம்னு சொன்ன திங்கள் எட்டு மணி?"

"சுத்தமான நேரம்."

"செவ்வாய் மூணரை?"

"அதுவும்தான். ஒரு வார்த்தை கேட்டிருக்கக் கூடாதாண்ணா?"

அவள் சொல்லச் சொல்ல அவர் ஒரு தாளை எடுத்துக் கணக்குப் போட்டார். கோடையில் திங்கட்கிழமை ராகு காலம் எட்டரையிலிருந்து பத்து வரை. ஒன்பது ஐந்து நட்டநடுவில் வந்து விழுந்தது.

"ஷ்யாமளா! அப்ப பர்வதம் இருபது வருஷமா நல்ல நேரம் பூரா என்னை கராஜ்ல உட்கார வச்சுட்டு, கரெக்டா ராகு காலத்துல கிளப்பியிருக்கா!"

சொன்னவர் சிரிக்க ஆரம்பித்தார். நிறுத்த முடியவில்லை. ஒன்றரை வருடமாக அந்தச் சத்தத்தைக் கேட்காத அஞ்சனா, அழுகிறார் என்று நினைத்துத் தண்ணீர் எடுத்துக்கொண்டு ஓடிவந்தாள்.

வெள்ளிக்கிழமை பத்தே முக்காலுக்கே டெலிவரி சென்டரில் இருவரும் ஆஜர். தற்காலிக நம்பர் பிளேட் அச்சாகவில்லை என்றார்கள். "ஜஸ்ட் ஃபிஃப்டீன் மினிட்ஸ், சார்" என்று ஒரு இளைஞன் நான்கு முறை வந்து சொல்லிவிட்டுப் போனான். கார் கடைசியில் வெளியே வந்தபோது மணி பன்னிரண்டு ஐந்து.

அஞ்சனா கணக்குப் போட்டாள். "ஷ்யாமளா ஆன்ட்டி டைம் ஸ்டார்ட் ஆயிடுச்சு. இட்ஸ் ஓகே அப்பா, லஞ்ச் சாப்ட்டுட்டு ஒன்றரைக்கு வரலாம். ஐ கேன் வெயிட்." அவளே காத்திருக்கிறேன் என்றது அதிசயம்தான்.

அனந்தராமன் கடிகாரத்தைப் பார்த்தார். பத்தரை, பன்னிரண்டு என்ற காலண்டர் எழுத்துகள் கண்முன் நின்றன.

"வேண்டாம் அஞ்சு. உங்கம்மா இப்பதான் கிளம்புவா."

"பட் இட்ஸ் தி ராங் டைம்!"

"தெரியும். இருபது வருஷம் இந்த ராங் டைம்லதான் ஓட்டியிருக்கேன். ஒரு கீறல் விழல."

ஏறி உட்கார்ந்தார். அசையாமல் இருந்தார்.

"என்னப்பா?"

"ஸ்டார்ட் ஆகட்டும்னு பார்க்கறேன்."

"இட்ஸ் ஆன், அப்பா. அப்பவே ஆன்."

மூக்கு நிறைய ஐந்து மாதக் காத்திருப்பின் புது சீட் வாசனை. ஏசிக் காற்று முகத்தில் அடித்தது. வண்டி சத்தமே இல்லாமல் நகர்ந்து சாலையைத் தொட்டதும் அஞ்சனா போனை எடுத்தாள்.

"ஹே க்ரிஷ், அந்த சீட் எனக்கு வேண்டாம். மை டாட் இஸ் டிரைவிங் மீ."